கழுத்தில் ஒன்றுமில்லை

எண்பத்தொன்பது நாட்களாக என் அக்காவின் கழுத்தில் ஒன்றுமில்லை. தொண்ணூறாவது நாள் காலை பத்து மணிக்குப் பிறகு அங்கே ஏதாவது இருக்கலாம் என்று காப்பீட்டு அலுவலகம் அனுமதித்திருந்தது.

முதலில் அது நெல்லிக்காய் அளவு இருந்தது. பிறகு எலுமிச்சை அளவு. அதற்குப் பிறகு காய்களோடு ஒப்பிடுவதை நிறுத்திவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நாங்கள் கழுத்தில் சுற்றிய துணியில் மறைத்தோம்.

அக்கா பள்ளி வேன் ஓட்டுகிறாள். பல வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் மாதச் சம்பளத்துக்கு ஓட்டினாள். சம்பளத்தோடு மருத்துவக் காப்பீடும் இருந்தது. இந்த வருடத் தொடக்கத்தில் நிர்வாகம் வேன்களை ஒப்பந்தத்துக்கு விட்டது. அதே வேன், அதே பிள்ளைகள், அதே வளைவுகள். காப்பீடு மட்டும் போய்விட்டது.

தனியார் நிறுவனங்களைக் கேட்டோம். நாற்பதைத் தாண்டியவர், திருமணம் ஆகாதவர், நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவர் என்று குறித்துக்கொண்டு ஒரு தொகை சொன்னார்கள்.

"அந்தக் காசுக்கு வேனையே வாங்கிடுவேன். வேனுக்கு நோய் வந்தா நானே அடியில படுத்துப் பாத்துக்குவேன்" என்று சொல்லி அக்கா ஃபோனை வைத்துவிட்டாள்.

அப்படித்தான் அரசின் தனிநபர் ஆரோக்கியத் திட்டத்துக்கு வந்தோம். தவணை குறைவு. பாதியை அரசே கட்டும். சேர்ந்தவுடன் ஓர் அட்டை தருகிறார்கள். அதில் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தின் படம் உண்டு. தனிநபர் திட்டம் என்பதால் ஒருவரைத் தவிர மற்றவர்களை மங்கலாக்கியிருந்தார்கள்.

சேர்ந்த அன்றே புதிய உறுப்பினர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. துணைக்கு நானும் போயிருந்தேன். சுவரில் பெரிய எழுத்தில் 'நோயற்றவர்களை நோயிலிருந்து காப்போம்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே இணை இயக்குநர் நின்றார். கைகளைக் கோத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் வரவேற்பவரைப் போல எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

"தொண்ணூறு நாள் காத்திருப்புக் காலம்னு சொன்னா சில பேர் முகம் சுளிக்கிறாங்க. இது தண்டனை இல்லைங்க, நம்பிக்கை. இந்தத் தொண்ணூறு நாள்ல உங்களுக்கு எந்த நோயும் கண்டுபிடிக்கப்படக் கூடாது. கண்டுபிடிச்சா, அது நீங்க சேரும்போதே இருந்துச்சுன்னு அர்த்தம். சேரும்போதே இருந்துச்சுன்னா, எங்ககிட்ட மறைச்சீங்கன்னு அர்த்தம். மறைக்கிறவங்களுக்கு எப்படிங்க உதவி பண்றது?"

முன்வரிசையில் இருந்த ஒரு கொத்தனார் எழுந்தார். "ஐயா, தொண்ணூறு நாளைக்குள்ள நிஜமாவே புதுசா ஏதாவது வந்துட்டா?"

"ஏன் வருது?"

கொத்தனார் யோசித்தார். உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தீங்களா? ஏன் வருதுன்னு உங்களுக்கே தெரியல. ஏன்னே தெரியாத ஒண்ணுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கணும்னு கேக்கறீங்க. இவ்வளவு நல்ல நிதி நிலைமையில இருக்கிற திட்டம் வேற எங்கயும் இல்லைங்க. போன வருஷம் ஒரு காசு வெளிய போகல. இது யாரோட சாதனை? உங்களோடது."

நாங்கள் கைதட்டினோம்.

நான்காம் நாள் அக்கா வேனைப் பின்னால் எடுக்கக் கழுத்தைத் திருப்பினாள். இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் ஏதோ தடுத்தது. வீட்டுக்கு வந்து என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். விழுங்கச் சொன்னேன். விழுங்கும்போது அது மேலே ஏறிக் கீழே இறங்கியது.

நான் அறிவியல் பட்டதாரி. ஒரு பரிசோதனைக் கூடத்தில், உடம்பிலிருந்து எடுத்து வருவதைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் ஏற்றுவது என் வேலை. அதிகம் பேசமாட்டேன். வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவாள்.

"என்னடி, வாயில்லாப் பூச்சி. ஏதாவது சொல்லு."

"டாக்டர்ட்ட போலாம்க்கா."

திட்டத்தின் பட்டியலில் இருந்த மருத்துவரிடம் மறுநாள் போனோம். அக்கா உட்கார்ந்ததும் துணியை அவிழ்த்தாள். அவர் தலையைப் பாதி நிமிர்த்தி அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"தொண்ணூறு முடிஞ்சிருச்சா?"

"இப்பத்தான் டாக்டர் சேந்திருக்கேன்."

அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "துணியக் கட்டுங்கம்மா. நான் பாத்தா எழுதணும். எழுதினா உங்க அட்டை போயிரும்."

"பாக்காம எப்படி டாக்டர் வைத்தியம் பண்ணுவீங்க?"

"பண்ண மாட்டேன். இப்போதைக்கு என்னால முடிஞ்ச உதவி அதுதான்."

அவர் நல்ல மனிதர்தான். ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: "உலகத்துல யாரோ ஒருத்தருக்குக் கழுத்துல ஏதோ ஒண்ணு இருக்குன்னு வைங்க. அது வளந்துச்சுன்னா, குரல் கம்மிச்சுன்னா, அந்த யாரோ ஒருத்தர் காத்திருக்கக் கூடாது."

"சரி, அந்த யாரோ ஒருத்தர் என்ன டாக்டர் பண்ணணும்?"

"இந்தத் திட்டத்துல சேராம இருந்திருக்கணும்."

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அக்கா சொன்னாள்: "வைத்தியம் யாரோ ஒருத்தருக்கு. ஃபீஸ் மட்டும் என்கிட்ட."

ஒரு மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு ஆள் வந்தார். நாங்கள் அட்டை வாங்கிய மூன்றாம் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர்தான். உறுப்பினருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதை நேரில் சரிபார்ப்பது அவருடைய கூடுதல் பொறுப்பு. படியேறியதில் மூச்சு வாங்கியது. உள்ளே வந்ததிலிருந்து அக்காவின் பாதங்களைப் பார்த்தே பேசினார்.

"உடம்பு எப்படி இருக்குன்னு கேக்க மாட்டேன். கேட்டா நீங்க சொல்லிருவீங்க. வீட்ல யாருக்காவது ஏதாவது தெரியுமா?"

"எதைப் பத்தி?"

"அதைச் சொன்னா உங்களுக்குத் தெரிஞ்சிரும்."

அப்போது கீழ்வீட்டுக்காரம்மா தண்ணீர் மோட்டார் போடச் சொல்ல வந்தவர், வாசலிலேயே நின்று, "யாரு, டாக்டரா? நல்லாப் பாருங்க சார், கழுத்துல எவ்ளோ பெருசா..." என்று ஆரம்பித்தார். கவுண்டர்க்காரர் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு கண்ணை மூடினார். அந்தம்மா முடித்துவிட்டுப் போகும்வரை அப்படியே இருந்தார். பிறகு விரலை எடுத்து, "மோட்டார் விஷயமாத்தானே வந்தாங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அடுத்து என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி என்ன படிச்சிருக்கு?"

"பி.எஸ்சி."

அவர் பேனாவை மூடிவிட்டார். "பி.எஸ்சியா? ஒரே வீட்லயா இருக்கீங்க?"

"ஒரே தட்டுலகூடச் சாப்பிட்டிருக்கோம்" என்றாள் அக்கா. "ஏன், தொத்திக்குமா?"

"விளையாட்டு இல்லம்மா. வீட்ல தெரிஞ்சுக்கக்கூடிய ஆள் ஒருத்தர் இருந்தா உறுப்பினருக்கும் தெரிஞ்சதாத்தான் கணக்கு. ஒண்ணு, இந்தப் பொண்ணு வேற வீட்டுக்குப் போகணும். இல்லன்னா தொண்ணூறு நாள் முடியற வரைக்கும் பட்டத்தை எங்ககிட்ட ஒப்படைக்கணும்."

பீரோவில் துணிகளுக்கு அடியில் இருந்த பட்டச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ரசீது எழுதினார். 'பி.எஸ்சி. ஒன்று. முதல் வகுப்பு. மடிப்பு இல்லை.'

"கவலப்படாத பாப்பா, பத்திரமா இருக்கும். எங்க பீரோவுல ரெண்டு எம்.பி.பி.எஸ். கூட இருக்கு."

அவர் போனதும் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப நீ இப்ப ப்ளஸ் டூவா?"

அவள் அன்று நன்றாகத்தான் சிரித்தாள். அடுத்த மாதம் சிரிப்பு சத்தம் இல்லாமல் வந்தது. குரல் கம்மத் தொடங்கியிருந்தது. காலையில் கொஞ்சம் இருக்கும். பிள்ளைகளை ஏற்றி இறக்கி முடிப்பதற்குள் போய்விடும். பின் சீட்டில் சண்டை போடுகிறவர்களை முன்பெல்லாம் ஓர் அதட்டலில் அடக்குவாள். இப்போது ஹாரன் அடித்தாள். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போய், ஹாரனுக்காகவே சண்டை போட்டார்கள்.

நான் எங்கள் கூடத்தின் தலைமை மருத்துவரிடம் போய் நின்றேன். அவரை எல்லோரும் மேடம் என்போம். நான் ஏன் நிற்கிறேன் என்று தெரிந்துகொள்ள அவருக்கு நேரம் பிடித்தது. நான் சொல்ல அதைவிட நேரம் பிடித்தது.

"மத்தியானம் கூட்டிட்டு வா" என்றார்.

உணவு இடைவேளையில் மேடம் அக்காவின் கழுத்தில் மெல்லிய ஊசியைச் செலுத்தி எடுத்தார். கண்ணாடித் துண்டின் ஓரத்தில் பெயருக்குப் பதிலாக 'பயிற்சி' என்று பென்சிலால் எழுதினார். நான் சாயம் ஏற்றிக் காய வைத்தேன். மேடம் மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து எனக்கு இடம் விட்டார்.

நான் பார்த்தேன்.

என் பட்டம் அலுவலக பீரோவில் இருந்ததால் சட்டப்படி நான் எதையும் பார்க்கவில்லை. அதனால் என்ன பார்த்தேன் என்று இந்த இடத்தில் எழுத முடியாது. அக்காவிடமும் சொல்லவில்லை. தொண்ணூறாவது நாள் ஒரு குழுவின் முன்னால் நின்று 'எனக்கு எதுவும் தெரியாது' என்று அவள் உறுதிமொழி எடுக்க வேண்டும். அக்காவுக்குப் பொய் வராது. போக்குவரத்துக் காவலர் நிறுத்தினால், அவர் கேட்பதற்கு முன்பே, "ஆமா, சிவப்புலதான் வந்தேன்" என்பவள்.

வரவேற்பறையில் அக்கா டீ குடித்துக்கொண்டிருந்தாள். "என்னடி பாத்த?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா உங்க மேடம் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாங்க? உனக்கு இத்தன வருஷத்துல ஒரு வாய் தண்ணி கொடுத்திருக்காங்களா?"

நான் டம்ளரை வாங்கிக் கழுவப் போனேன்.

மேடம் பெரியாஸ்பத்திரியில் தமக்குத் தெரிந்த அறுவை மருத்துவரிடம் அனுப்பினார். அங்கே இலவச வார்டு உண்டு. அந்த மருத்துவர் அக்காவின் பின்னால் நின்று இரண்டு கையாலும் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். இத்தனை நாளில் ஓர் அதிகாரப்பூர்வமான கை அங்கே பட்டது அதுதான் முதல் தடவை. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நோயோட பேரச் சொல்லல. சொன்னா உங்க அட்டைக்கு ஆகாதாமே. எடுத்துரலாம். குரல் வேணும்னா சீக்கிரம் எடுத்துரணும். போய் அட்மிஷன் போட்டுட்டு வாங்க."

அட்மிஷன் மேசையில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இது இன்ஷூரன்ஸ் இல்லாதவங்களுக்கு. இவங்களுக்கு இருக்கே."

"இன்னும் நடைமுறைக்கு வரலீங்க" என்றேன்.

"வரலன்னாலும் இருக்கு."

"அப்ப அதுல பாத்துக்கலாமா?" என்றாள் அக்கா.

"அதெப்படி? அதான் இன்னும் வரலையே."

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். நேராக மூன்றாம் கவுண்டருக்குப் போனோம். அட்டை வேண்டாம், ரத்து செய்யுங்கள் என்றோம்.

"ரத்துக்குக் காரணம் மூணுதான்மா இருக்கு. சாவு, நாட்டை விட்டுப் போறது, நோய்."

"நோய்தான்" என்றாள் அக்கா.

"உங்களுக்கு நோய் இருக்கறதா எங்ககிட்ட பதிவு இல்லையே. பதிவுல நீங்க ஆரோக்கியமான உறுப்பினர். ஆரோக்கியமான உறுப்பினர எப்படி வெளிய விடறது? உங்களாலதானே திட்டமே நிக்குது."

அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவர் கண்ணாடித் தடுப்பின் ஓட்டைக்கு வாயைக் கொண்டுவந்தார். "நீங்க எழுதிக் கொடுத்தாலும் டாக்டர் எழுதினாலும் பதில் வரவே தொண்ணூறு நாள் ஆகும். ஒரே ஒரு வழி இருக்கு. தொண்ணூறாவது நாள் விசாரணை அறையில யாராவது நோயோட பேரைச் சொல்லி, அது சுருக்கெழுத்துல ஏறிருச்சுன்னா, அந்த நிமிஷமே அட்டை ரத்து. சாயங்காலமே பெரியாஸ்பத்திரியில படுத்துக்கலாம். ஆனா அதுக்கப்புறம் இந்த ஜென்மத்துல திரும்பச் சேர முடியாது. எந்த நோய்க்கும். எதுக்கும்மா அந்த வம்பு? இன்னும் கொஞ்ச நாள்தானே. பல்லக் கடிச்சிட்டு இருங்க. உறுதிமொழி எடுத்துட்டீங்கன்னா ராஜ வைத்தியம்."

பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். நான் என்ன பார்த்தேன் என்று அக்கா அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் இரவு சாப்பிடும்போது என் முகத்தைப் பார்ப்பாள். நான் தட்டைப் பார்ப்பேன்.

தொண்ணூறாவது நாள் காலை கவுண்டரில் முதலில் என் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மடிப்பு இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். பிறகு எங்களை விசாரணை அறைக்குள் அனுப்பினார்கள். நீள மேசையின் நடுவில் இணை இயக்குநர். இரண்டு பக்கமும் குழுவின் இரண்டு உறுப்பினர்கள். ஓரத்தில் தனி நாற்காலியில் சுருக்கெழுத்துக்கார அம்மா, மடியில் குறிப்பேடு, கையில் கூராகச் சீவிய பென்சில்.

"இந்த அறையைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் இணை இயக்குநர். "இங்க பேசற ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகும். பதிவானத நான் நினைச்சாக்கூட அழிக்க முடியாது. அவ்வளவு நேர்மையான அறை. உறுதிமொழி எடுங்க."

அக்கா கையை உயர்த்தினாள். "எனக்கு எதுவும் தெரியாது." கிழிந்த காகிதம் காற்றில் அடிப்பது போல இருந்தது குரல்.

"குரலுக்கு என்னாச்சு?"

"தெரியாது."

"நல்ல பதில். கழுத்துல எதுக்குத் துணி?"

"தெரியாது."

"ரொம்ப நல்ல பதில்." அவர் இரண்டு உறுப்பினர்களையும் பெருமையாகப் பார்த்தார். எனக்கு மூச்சு வந்தது. அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். பிறகு, சும்மா கேட்பவரைப் போல, "காலைல எத்தன மணிக்கும்மா வந்தீங்க?" என்றார்.

"ஒம்பதரைக்கு."

அவர் பேனாவை மூடினார்.

"ஆபீஸ் பத்து மணிக்குத்தானே திறக்குது? யோசிச்சுப் பாருங்க. நிஜமாவே எதுவும் தெரியாத ஒருத்தர் என்ன பண்ணுவார்? தொண்ணூறாவது நாள் எப்பன்னே மறந்திருப்பார். போன வருஷம் இந்த விசாரணைக்கு முக்கால்வாசிப் பேர் வரவே இல்ல. அவங்கதான் உண்மையான ஆரோக்கியசாலிங்க."

"அதுல சில பேர் இறந்துட்டாங்க சார்" என்றார் வலப்பக்கத்து உறுப்பினர், மெதுவாக.

"இருக்கட்டும். அவங்களும் எந்தக் கோரிக்கையும் வைக்கலையே." அவர் அக்காவிடம் திரும்பினார். "நீங்க சீக்கிரம் வந்திருக்கீங்க. சீக்கிரம்னா அவசரம். அவசரம்னா காரணம். காரணம்னா, உங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. நான் உடனே ரத்து பண்ணலாம். ஆனா ரத்து பண்ண என்ன நோய்னு பதிவு வேணும். அதுவும் இல்ல. தவிர, நாங்க இரக்கமில்லாதவங்க இல்லம்மா. இன்னொரு தொண்ணூறு நாள் தரோம். அடுத்த தடவை கொஞ்சம் லேட்டா வாங்க."

அக்கா கழுத்துத் துணியை அவிழ்த்து மேசைமேல் போட்டாள்.

இணை இயக்குநர் மின்விசிறியைப் பார்த்தார். ஒரு உறுப்பினர் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். அது சாவி கொடுக்கும் கடிகாரம் இல்லை. இன்னொருவர் குனிந்து செருப்பைத் தேடினார். சுருக்கெழுத்துக்கார அம்மா மட்டும் நேராகப் பார்த்தார். அவர் பென்சில் நின்றிருந்தது. பார்த்ததை எழுத அவருக்கு உரிமையில்லை. கேட்டதை மட்டும்தான்.

"பாருங்கய்யா" என்றாள் அக்கா. இரண்டாவது தடவை கத்தினாள். கத்தியது தெரிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் வரவில்லை. தெருமுனையிலிருந்து கூப்பிட்டால் மூன்றாவது மாடியில் ஜன்னலைத் திறக்கவைக்கும் குரல் அது. அவள் தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ சொல்லு" என்றாள், வெறும் காற்றில்.

நான் எழுந்தேன். கல்லூரியில் வாய்மொழித் தேர்வுக்குக்கூடப் பதிலைச் சீட்டில் எழுதிக் காட்டியவள் நான்.

"உக்காரும்மா" என்றார் இணை இயக்குநர். "நீ உறுப்பினர் இல்ல. யோசிச்சுப் பேசு. நீ வாயத் திறந்தா உங்க அக்கா அட்டை போயிரும். இனி எப்பவும் கிடைக்காது."

"தெரியும் சார்."

"அந்த வார்த்தைய இந்த அறையில சொல்லக் கூடாது."

"தெரியும் சார்" என்றேன் மறுபடியும். இரண்டாவது தடவை சுலபமாக இருந்தது.

"தொண்ணூறே தொண்ணூறு நாள்மா. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள போயிரும். இவ்வளவு நல்ல திட்டத்த விட்டுட்டு அந்த இலவச வார்டுல போய் வரிசையில நிக்கப் போறீங்களா? அங்க யார வேணா சேப்பாங்கம்மா. நோய் இருக்கிறவங்களக்கூட."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்த கை. "சொல்லுடி. நானும் கேக்கணும்."

அறையின் ஓரத்திலிருந்து சுருக்கெழுத்துக்கார அம்மா அன்று முதல் தடவையாகப் பேசினார். "கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா. ஒரு எழுத்து விடக் கூடாது."

அவர் பென்சிலைத் தாளில் வைத்தார்.

"என் அக்காவுக்குத் தைராய்டு கேன்சர்" என்றேன். "நானே மைக்ராஸ்கோப்புல பாத்தேன். இப்பவே எடுத்தா பொழைச்சுக்குவா."